இடி என்கிற ஓட்டுநர்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு "இடி" என்று பெயர். ஓய்வறைப் பெஞ்சில் சாய்ந்தால் போதும், குறட்டை கிளம்பிவிடும். "மழை வருதோ இல்லையோ, இடி மட்டும் தவறாது" என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். படுத்ததும் தூங்குகிறவன் கொடுத்துவைத்தவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் எழுந்திருக்கும்போது அடித்துப்போட்டதுபோல் இருக்கும். தலை கல்லாய்க் கனக்கும். சாப்பிடும்போதே கண் செருகும். ஒருமுறை மகளின் பள்ளியில், ஆசிரியை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். மகள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியில் ஏறினால் தொடையைக் கிள்ளிக்கொள்வார், பச்சை மிளகாயைக் கடிப்பார். இது நோய் என்று யாருக்குத் தோன்றும்? வயசாச்சு, உடம்பு போட்டுவிட்டது, டியூட்டி நேரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அது நடந்தது பட்டப்பகலில். சந்தைத் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை, நேராகப் போனது. "அண்ணே!" என்று கண்டக்டர் அலறிய பிறகுதான் விழித்தார். அதற்குள் பேருந்து நிறுத்தத்தின் கூரை சரிந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு தையல்காரம்மா. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தவள். மூட்டை பிரிந்து சின்னச் சின்னச் சட்டைகள் ரோடெல்லாம் கிடந்தன. அவர் இறங்கி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்னார்கள். இல்லை. போன் பேசினாரா? அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் அவரை விட்டுவிட்டு அவர் மனைவியிடம் கேட்டார்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருமா?"

"ஆமாங்க. குறட்டை திடீர்னு அடங்கிடும். அப்புறம் தண்ணியில முங்கி எழுந்த மாதிரி திமிறிக்கிட்டு வரும். பல வருஷமா அப்படித்தான். அசந்து தூங்குறாருன்னுல்ல நெனச்சேன்."

"அவர் தூங்கவே இல்லம்மா. தொண்டை அடைச்சு அடைச்சு, ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடியிருக்கார்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருஷமும் பக்கத்திலேயே படுத்திருந்தவள் அவள்தான்.

வேலை போயிற்று. ஜெயிலுக்கும் போய்வந்தார். திரும்பிய பிறகுதான், தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி கிடைத்தது. முதல்நாள் காலையில் உலகம் துடைத்துவைத்ததுபோல் தெரிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா அந்தம்மா செத்துச்சு?" என்று குமுறிக் குமுறி அழுதார்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் அவரைப் பணிமனையில் பேசக் கூப்பிட்டார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, "பகல்ல கண் செருகுறவங்க யாராவது இருக்கீங்களாப்பா?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. வாசலில் மேலாளர் நின்றிருந்தார். கை தூக்கினவனிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி கேட்டாள்:

"தூங்குறவனுக்குத் தன் குறட்டை எங்க கேக்குது? பக்கத்துல படுக்கிறவளுக்குத்தான் கேக்கும்."

மறுநாளே ஓட்டுநர்களின் குடியிருப்புக்குப் போய், புருஷன்மாரின் குறட்டையைப் பற்றி மனைவிமார்களிடம் கேட்டாள். "எங்க பொழப்புல மண்ணைப் போடாதே தாயி" என்று ஒருத்தி கும்பிட்டாள். இன்னொருத்தி மட்டும் உள்ளே கூப்பிட்டு எல்லாம் கேட்டாள். புருஷனை நச்சரித்துப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். அதே நோய். அவனை வண்டி கழுவும் வேலையில் போட்டார்கள், சம்பளமும் குறைந்தது.

அவன் நேரே இடியின் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"உங்க பாவத்தைக் கழுவ நாங்கதான் கெடச்சோமா?"

அவன் தொண்டை வற்றும்வரை கத்திவிட்டுப் போனான்.

"இனிமே அங்க போகாதே" என்றார் இடி மனைவியிடம், மெதுவாக.

"பின்ன யாரு போவா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவனை வண்டி கழுவ விட்ட செய்தி அவளுக்கு முன்பே குடியிருப்புக்குப் போய்விட்டிருந்தது. அன்று ஒரு கதவும் திறக்கவில்லை.