கரண்டி கண்டுபிடித்த கப்பல்

எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிய கப்பலை, கடற்கண்ணிவெடி தேடப் பழக்கும் கப்பலாக மாற்றினார்கள். சமையல்காரனான என்னைத்தான் மாற்ற முடியவில்லை. நெடுந்தீவுக் கடலில் பயிற்சியின் முதல் நாளே, நீருக்கடியில் போன கமரா கண்டுபிடித்த மர்மப் பொருள் நான் தவறவிட்ட கரண்டி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் மீன் விற்கும் மேரி அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப என்ர மனுசன்ர போட் கிடந்தாலும் தெரியுமே? நீலப் போட். மகளின்ர பேர், ஜெனிற்றா எண்டு எழுதினது."

கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பவேயில்லை.

"தேடச் சொல்லட்டே அக்கா?"

"வேண்டாம் தம்பி. கண்டாலும் சொல்லாதேயும். அவர் சுகமா வரோணும் எண்டுதான் இன்னும் மாதா கோயில்ல பூசை ஒப்புக்குடுக்கிறன்."

அடுத்த கிழமை கமராத் திரையில், கடலடியில் ஒரு நீலப் படகு தெரிந்தது. ஜெனிற்றா. கண்ணிவெடி இல்லை என்று பயிற்சிக்காரர்கள் கடந்துபோனார்கள்.

மறுநாள் அக்கா மீனை நிறுத்தபடி கேட்டார்: "இப்ப என்ன கண்டனியள்?"

"இன்னுமொரு கரண்டி அக்கா."

"உமக்குச் சமைக்கவே தெரியாது. உமக்கேன் இத்தனை கரண்டி?" அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

என் பகிடிக்கு யாராவது சிரிக்கமாட்டார்களா என்று ஏங்குகிறவன் நான். அன்று அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல், தராசிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.