நான் சொல்லவில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சபையின் பாடகர் குழுவில் தோழி ஒருத்தி என் பக்கத்தில் நின்று பாடுவாள். என்னைவிடச் சில வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு சுங்கை வேயில் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் தனியாளாகிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குக் கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போவேன். உறவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவள்தான் இருந்தாள்.

அவளுடைய ஒரே மகன் போதைப் பழக்கத்தில் விழுந்தான். முப்பதை நெருங்குகிற பிள்ளை. பந்திங் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவனைச் சேர்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "ஜொகூர்ல வேலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். ஒங்களுக்கு மட்டும்தான்கா தெரியும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் விஷயம் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நம்பித்தானே சொன்னேன். இப்படிப் பண்ணிட்டீங்களே."

"நான் சொல்லலம்மா."

"வேற யாருக்குக்கா தெரியும்? நீங்களே சொல்லுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேறு யாருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியவில்லை. கையில் பாதி கடித்த கறிபாப் பலகாரத்தோடு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு என் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. நான் பாட்டுக் குழுவிலிருந்து விலகினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்டர் மட்டும் ஒருநாள் வாசலில் நிறுத்தி, "கர்த்தருக்குத் தெரியும் சிஸ்டர், விட்டுடுங்க," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் 'நான் உங்களை நம்புகிறேன்' என்று அவரும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். வேலை செய்யும் தொழிற்சாலையில் கை அதன் பாட்டுக்குப் பொருளைச் சோதிக்கும். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அங்கே இல்லாத அவளிடம் பேசினேன், பாஸ்டரிடம் பேசினேன், தேநீர் மேசையைச் சுற்றி நின்ற ஒவ்வொருவரிடமும் பேசினேன். வீட்டில் முழங்காலில் நின்றாலும் அதே பேச்சுதான். ஆண்டவரே, நீர் நீதியுள்ளவர் என்றால் இதைச் சொல்லும், எல்லார் முன்னாலும் சொல்லும். ஆமென் போடுவதற்குள் மறுபடி முதலிலிருந்து வழக்காடத் தொடங்கிவிடுவேன். சோறு ஆறிப்போயிருக்கும்.

அவள் மகன் மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பி வந்து, கிள்ளானில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிறு மதியம் நான் ரயிலுக்குப் போகும் வழியில் அவன் எதிரே வந்து நின்றான். மெலிந்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"ஆன்டி, ஒங்ககிட்ட பேசணும்."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வந்த தேநீரை அவன் தொடவில்லை.

"நான்தான் ஆன்டி சொன்னேன். அங்க இருந்தப்ப ரொம்ப முடியல. நம்ம சபை பிரெண்டு ஒருத்தனுக்கு ஃபோன் போட்டு, எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லுடான்னேன். அவன் வீட்ல சொல்லிருக்கான். அப்படியே பரவிடுச்சு. அம்மா ஒங்கள சொல்றாங்கன்னு வந்தப்புறம்தான் தெரியும்."

எழுந்து இப்போதே கிள்ளானுக்குப் போகலாம் வா என்று சொல்ல நாக்குத் துடித்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பதான் கொஞ்சம் நம்பிப் பேசுறாங்க. ஒரு தட்டுல சாப்பாடு போட்டு எதுர்ல ஒக்காருறாங்க. இத சொன்னா மறுபடியும் என்னால தலகுனிவும்பாங்க. நீங்க சொல்லச் சொன்னா இன்னைக்கே சொல்லிடுறேன் ஆன்டி."

கடைக்காரர் வந்து வேறென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒனக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லு. எனக்காக அவசரப்படாத," என்றேன். பெருந்தன்மையோடு சொன்னதாக நினைக்க வேண்டாம். சொன்ன மறுகணமே வருத்தப்பட்டேன். ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஒரு காரியத்தில் நான் குற்றமற்றவள். அதைத் தீர்த்துச் சொல்லும்படி ஆண்டவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். என்மேல் நியாயமாகவே சாட்டக்கூடியவை எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அவர் என் முன் எடுத்து வைக்கவில்லை. கிருபை என்று இத்தனை வருடம் பாடியது இதைத்தானா? குற்றம் செய்யாதவள் என்பதால் அவர் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அப்படியானால் அவள் என்னைக் குற்றவாளி என்று சொல்வதால் அவர் என்னை விடப்போவதும் இல்லை.

இதனால் தனிமை போய்விடவில்லை. முணுமுணுப்பு மட்டும் குறைந்தது. சில நாள் அறவே வருவதில்லை, சில நாள் காலையிலேயே வந்துவிடும்.

அவன் இன்னும் சொல்லவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறான். அவள் என்னோடு பேசுவதில்லை. போன திருவிருந்து ஞாயிறன்று அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்தின் முன் முழங்காலிடப் போனபோது அவள் பக்கத்தில்தான் இடமிருந்தது. நான் தயங்கினேன். அவள் என்னைப் பார்க்காமலே புடவையை ஒதுக்கிக்கொண்டு சற்று நகர்ந்து இடம் விட்டாள். நான் முழங்காலிட்டேன்.