பொற்கொடி தொட்ட அழுகை முகம்

பொற்கொடிக்குப் பிறந்த பிள்ளை அழவில்லை. நர்ஸ் பாதத்தைச் சுண்டிப் பார்த்தார், முதுகைத் தேய்த்துப் பார்த்தார். அழவே இல்லை. ஆண்கள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைதான் அழவில்லை, பெற்றவளாவது அழலாம் அல்லவா? அதற்கும் அந்த வீட்டில் அனுமதி இல்லை.

"மூச்சே விடாததுக்கு எழவு கூட்டக் கூடாதுடி. நீ அழுதீன்னா அடுத்ததும் தங்காது" என்றாள் மாமியார் சின்னப்பிள்ளை.

அவ்வளவுதான். பெயர் இல்லை, காரியம் இல்லை. பால் கட்டிய மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். பால் வற்றியது. கண்ணீர் மட்டும் உள்ளேயே தேங்கி நின்றது.

புருஷன் செம்மல் குவைத்தில் டிரைவர். பொற்கொடிக்கு ஆலங்குடிப் பக்கத்து முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் வெந்து, ரேகையே அழிந்துவிட்டது. செம்மல் வாங்கி அனுப்பிய போன் அவள் விரலுக்குத் திறக்காது. அதனால் மாமியாரின் கட்டைவிரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். அவள் போனை அவள் பார்க்க வேண்டுமானால் சின்னப்பிள்ளை கை வைக்க வேண்டும்!

அந்தச் சமயத்தில்தான் சரண்யா வந்தாள். பல்கலைக்கழகத்தில் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். மனசுக்கு வைத்தியர் இல்லாத ஊர்களில் கைப்பேசி அந்தக் குறையைத் தீர்க்குமா என்று பார்ப்பது அவள் வேலை. கொட்டகைப் பெண்கள் எல்லோருடைய போனிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிக்கும். "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுச் சிரித்த முகத்திலிருந்து அழுகிற முகம்வரை வரிசையாகக் காட்டும். ஒன்றைத் தொட வேண்டும். அழுகிற முகத்தைத் தொடர்ந்து சில நாள் தொட்டால், ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் தானாகவே கூப்பிட்டுப் பேசுவார்.

அந்த அழைப்புக்காகப் பொற்கொடி ஏங்கினாள். முகம் தெரியாத ஒருத்தியிடமாவது அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் விரல் தொட்டது சிரித்த முகத்தைத்தான்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் சரண்யா பூரிப்போடு கொட்டகைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க ஊர்ல எல்லாருமே சிரிச்ச முகந்தான்! இங்க ஆலோசகர் தேவையே இல்லைன்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் வேற ஊருக்குப் போறோம்."

பெண்கள் கைதட்டினார்கள். "பின்னே, நம்ம ஊருன்னா சும்மாவா!" என்று ஒருத்தி குலவையே போட்டாள்.

பொற்கொடி கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள். கதவு சாத்துகிறார்கள். இவள் தட்டாமலே சாத்துகிறார்கள்.

"ஏம்மா, அந்தக் கேள்வி எதுக்கு ஆறு மணிக்கு வருது?" என்று கேட்டாள்.

"அப்பத்தான் வேலை முடிஞ்சு வீட்டுல இருப்பீங்கன்னு வச்சோம்க்கா."

"அது வெளக்கு வைக்கிற நேரம். அந்நேரத்துல அழுற மூஞ்சியை எவ தொடுவா? வீட்டுக்கு ஆகாதுன்னு கையை வெட்டிப்புட மாட்டாக?"

கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குலவை போட்டவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆக, எல்லா வீட்டிலும் இதே கதைதானா?

சரண்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கும் ஊரு இந்தப் பக்கம் ஆவுடையார்கோவில்தான்க்கா. வெளக்கு நேரத்துல தும்மினாக்கூட எங்க அம்மா திட்டும். எனக்கு இது தோணவே இல்லையே! இன்னும் கொஞ்ச நாள் கேட்டு வாங்குறேன். அவங்கவங்களுக்குத் தோதான நேரமா மாத்திடலாம்."

ஒருத்தி மத்தியானம் என்றாள், ஒருத்தி காலை பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் என்றாள்.

"உங்களுக்கு?" என்று பொற்கொடியிடம் கேட்டாள் சரண்யா.

"எனக்கு ஆறு மணியிலயே இருக்கட்டும்" என்றாள் பொற்கொடி. "எப்ப அழக் கூடாதுன்னு சொன்னாகளோ அப்பவே சொல்றேன். ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்ல நான் என்ன திருடியா? அப்புறம், அந்த விரல் பூட்டை எடுத்துட்டு நம்பர் பூட்டு போட்டுக் குடு."

சரண்யா போனில் இருந்ததை அடியோடு அழித்துப் புதிதாக அமைத்துக்கொண்டே, என்ன எண் என்று கேட்டாள். பொற்கொடி பிள்ளை பிறந்த தேதியைச் சொன்னாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சின்னப்பிள்ளை திரியைத் தூண்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. வழக்கம்போலக் கட்டைவிரலை நீட்டினாள். பொற்கொடி போனை நீட்டவில்லை. தானே திறந்தாள். மாமியாரின் கண்ணெதிரே அழுகிற முகத்தைத் தொட்டாள்.

"அடிப்பாவி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா! மாத்துடி அதை!"

"மாத்த மாட்டேன் அத்தே."

"குடும்பத்தையே அழிக்கப் பாக்குறியா?"

"அழுததுனால ஒண்ணும் அழியலை அத்தே. நான் அழறதுக்கு முன்னாடியே அது போயிருச்சு!"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. சின்னப்பிள்ளை தன் போனில் மகனைக் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தாள். அப்புறம் போனை மருமகள் காதில் திணித்தாள்.

"ஏம்புள்ள, ஒரு பொம்மை மூஞ்சிக்கு இம்புட்டு சண்டையா? அம்மா சொல்றதைக் கேட்டா என்ன?" என்றான் செம்மல்.

"இத்தனை நாளும் கேட்டேங்க. நீங்க என்ன கேட்டீங்க? அது பொண்ணா பையனான்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. உடைந்த குரலில், "என்ன புள்ள?" என்றான்.

"பொண்ணு. ஒங்க மூக்கு."

கைப்பேசியில் ஒரு ஆண் குமுறிக் குமுறி அழுகிற சத்தம் வந்தது. பொற்கொடி அதை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கேட்கட்டும்! மகனின் அழுகையையும் கெட்ட சகுனம் என்று சொல்லட்டும்!

மறுநாளும் அழுகிற முகத்தைத் தொட்டாள். அதற்கு மறுநாளும் தொட்டாள். அக்கம்பக்கம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தது. சின்னப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். பொற்கொடி நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் விளக்கு ஏற்றி முடித்த கையோடு போன் அடித்தது. புது எண். சின்னப்பிள்ளை வெடுக்கென்று விளக்கைத் தூக்கினாள்.

"இந்தக் கண்றாவியெல்லாம் வெளக்குக்கு முன்னாடி பேசாதே. நான் அங்கிட்டு கொண்டு போறேன்."

பொற்கொடி விளக்குத் தண்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தளும்பி, வெந்து தேறிய அவள் விரல்களில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"வெளக்கு இங்கயே இருக்கட்டும் அத்தே. அதுவும் கேக்கட்டும்."

சின்னப்பிள்ளையின் பிடி தளர்ந்தது. விளக்கு பழைய இடத்துக்கே வந்து அமர்ந்தது. பொற்கொடி அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தாள்.

"வணக்கம்மா, பொற்கொடிதானே? நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு கனிந்த குரல் கேட்டது.

எத்தனை பேர் கேட்ட கேள்வி அது! எத்தனை முறை பொய் சொல்லிய வாய் இது!

"இல்லைங்க" என்றாள் பொற்கொடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நான் நல்லா இல்லைங்க. எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு."