காலி என்று நான் குறித்த தெரு

எங்கள் நகராட்சி வரைபடத்தில் அந்தத் தெரு இன்றும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. சாம்பல் என்றால் ஆளில்லாத வீடு. அந்த நிறத்தைப் பூசியவள் நான்.

ஊரின் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, வீடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றும் ஜி.ஐ.எஸ். வேலைக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். டேப்லெட்டோடு தெருத்தெருவாக நடந்து, ட்ரோன் எடுத்த படத்தில் ஒவ்வொரு கூரையையும் தொட்டு, அது என்னவென்று குறிக்க வேண்டும். வீடு, கடை, காலி. மூன்றே வழிதான். பூட்டிய வீட்டுக்கு வழியில்லை. எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து அந்த ஆப்பைச் செய்த புண்ணியவானுக்கு, பகலில் ஒரு தெருவே பூட்டிக் கிடக்கும் என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் ஆறவில்லை. என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் வீடும் பூட்டித்தான் கிடக்கும்.

அந்தத் தெருவுக்கு நான் போனது தீபாவளி சீசனில். விடியும்போதே பட்டாசுக் கம்பெனி வேன் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு போயிருந்தது. உச்சி வெயிலில் இரண்டு கதவுகளைத் தட்டினேன். பிறகு தட்டவும் இல்லை. கடைசி வீடு வரை காலி, காலி என்று தொட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம் வந்து திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வேறு வார்டுக்கு அனுப்பினார்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சோம்பல்.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் புதுக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். தெருமுனை வரை வந்த குழாய் அங்கேயே நின்றுவிட்டது. காலித் தெருவுக்கு யார் குழாய் போடுவார்கள்?

அதற்குள் நான் அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்கு வந்திருந்தேன். ஒருநாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தார். விரல் இடுக்கில் பட்டாசு மருந்தின் சாயம் போகாமல் இருந்தது.

“தண்ணி லாரி பகல்லதான் வருது மேடம். அதுக்காகவே வீட்டுக்கு ஒருத்தர் வேலைய விட்டுட்டு நிக்கோம். கேட்டா ஆளில்லாத தெருன்னு சொல்லுதாக. எங்க வீட்டக் கொஞ்சம் காட்டுங்க.”

பெரிதாக்கிக் காட்டினேன். அவரே கண்டுபிடித்தார்.

“இந்தா, இதுதான். மாடில காயப்போட்ட சேல கூடத் தெரியுதே. பெறகு எப்படி ஆளில்லன்னு எளுதுனாக?”

எழுந்து போய், திருத்த முடியுமா என்று என்ஜினியரிடம் கேட்டேன். “மேப் ஒப்புதல் ஆகி மேல போயிருச்சும்மா. இனிமே நீயும் தொட முடியாது, நானும் தொட முடியாது. அடுத்த திட்டம் வரட்டும்,” என்றார். அடுத்த திட்டம் எப்போது என்று அவருக்கும் தெரியாது. என் தப்பை முத்திரை குத்திப் பூட்டிவிட்டார்கள். வந்து அதையே அந்த அக்காவிடம் சொன்னேன், என் தப்பு என்பதை மட்டும் விட்டுவிட்டு.

“வந்து எளுதுனவுக யாருன்னு தெரியுமா மேடம்?”

“தெரியாதுக்கா,” என்றேன்.

அவர் கிளம்பத் திரும்பினார்.

“அவுகளச் சொல்லி என்ன செய்ய. வேகாத வெயில்ல வந்திருப்பாக. நாங்கதான் வீட்டுல இல்லாமப் போயிட்டோம்.”