மாம்பழச் சேலை கட்டிய வண்டி

போன மாதம் என் பள்ளித் தோழனைத் திருவொற்றியூரிலிருந்து வழியனுப்பினோம். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊர்வலம் மெயின் ரோட்டைத் தொட்ட இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி மூக்கை நுழைக்கப் பார்த்தது. தெருமுனையோடு நின்றுவிட வேண்டிய பெண்களில் ஒருத்தி சட்டென்று ரோட்டில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்தபடி லாரிக்கு முன்னால் நின்றாள். அவனுடைய தங்கை. லாரி நின்றது, பறை கடந்து போனது. ஊர்வலத்தோடு நடக்க மறந்து நான் அவளையே பார்த்து நின்றுவிட்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லப்போகும் மாலையில் அவள் துணிச் சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவனை நாங்கள் வீட்டுக்கோழி என்போம். டோல்கேட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. சாயங்காலம் கை கழுவினால் சைக்கிள் நேரே வீட்டுக்குத்தான் போகும். துபாய் வேலை தேடி வந்தது, மாட்டேன் என்றான். நைட் ஷிப்ட்டுக்கும் மாட்டேன் என்றான். பெண்டாட்டி கம்பெனியிலிருந்து வருவதற்குள் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு, இரண்டு மகள்களுக்கும் ரிப்பன் கட்டிவிட்டுக்கொண்டிருப்பான். டீக்கடையில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போடா என்றால் சிரிப்பான். அதற்குள் சைக்கிள் தெருத் திரும்பியிருக்கும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் பக்கத்துக் கடற்கரைச் சாலையில் கடல் தெரியாது. லாரிதான் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரைலர்கள் எண்ணூரிலிருந்து காசிமேடு வரை ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் வண்டி நிழலிலேயே சமைத்து, குளித்து, சீட்டாடி, தூங்கி எழுவார்கள். வண்டியை விட்டு நகர முடியாது. லைன் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது ஆள் இல்லையென்றால் பக்கத்து லாரி அந்த இடத்தில் புகுந்துவிடும், அப்புறம் இன்னொரு நாள் காத்துக் கிடக்க வேண்டும். அவனுடைய அப்பா அப்படி ஒரு டிரைலரின் டிரைவர். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும், அவர் லைனில் இருப்பார்.

தங்கை பிறந்தபோதும் லைனில்தான் இருந்தார். ராயபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவரும் நாளில், பாப்பாவைக் காட்டுகிறேன் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். எங்களுக்குப் பத்து வயதிருக்கும். ஆட்டோவில் பின்னால் அவன் அம்மா, மடியில் குழந்தை, பக்கத்தில் அவன் அத்தை. முன்னால் டிரைவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். ஆட்டோ கிளம்பியதும், கடற்கரை ரோடு வழியாகப் போகச் சொன்னான் அவன். அப்பா இன்றைக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டால் கன்டெய்னர் பெட்டியை இறக்கி, வேறு பெட்டியை ஏற்றிக்கொண்டு, அப்படியே பெங்களூர் பக்கம் கிளம்பிவிடுவார். அப்புறம் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அதற்குள் அவர் பாப்பாவைப் பார்த்தாக வேண்டும்.

பச்சைக் குழந்தைக்குக் கடல் காற்று ஆகாது என்று அத்தை சண்டைக்கு நின்றாள். தூசி, கண்ணேறு, ஜன்னி என்று வரிசையாக அடுக்கினாள். அவன் அம்மாவின் முகம் கடல் பக்கமே திரும்பியிருந்தது. ஆட்டோக்காரர் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைக் கடல் பக்கம் திருப்பினார்.

அப்பா காசிமேட்டைத் தாண்டி நிற்கிறார், சிவப்புப் பெட்டி என்று யாரோ ஒரு டிரைவர் வந்து தகவல் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் போனோம். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை சிவப்புப் பெட்டிகள். வெயில் சாய்ந்து, அந்தச் சிவப்பெல்லாம் பழுத்து மின்னியது. ஆட்டோ ஊர்ந்து போக, அவன் குதித்து இறங்கி ஒவ்வொரு சிவப்புக்கும் ஓடி, அண்ணாந்து பார்த்து, திரும்பி வந்தான். நான் கூடவே ஓடினேன். வண்டிகளுக்கு அடியில் சோறு கொதிக்கும் வாசனை, கருவாட்டு வாசனை, தூரத்துப் புகை. எங்கோ தெரியாத ஊர் ஒன்றின் தெருவில் ஓடுவது போலிருந்தது எனக்கு. அந்தத் தெரு முடியக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அவன் முகம் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

கண்டுபிடித்தது அவன் அம்மாதான்.

"அதோ, என் பொடவ."

டிரைவர் பக்கத்து ஜன்னலில் வெயிலுக்குத் திரையாக ஒரு பழைய மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தது. காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

அப்பா இறங்கி வந்தார். குழந்தையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கை முழுக்க கிரீஸ். கேன் தண்ணீரில் கழுவினார், சோப்பு போட்டுக் கழுவினார், லுங்கியில் துடைத்தார், மறுபடி கழுவினார். அத்தையே வந்து கேனைச் சாய்த்துப் பிடித்தாள். கடைசியில் அவர் குழந்தையை வாங்கிக்கொண்ட நேரத்தில்தான் லைன் நகர்ந்தது.

முன்னால் நின்ற வண்டி போய்விட்டது. இடைவெளி விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின. அப்பா குழந்தையையும் பார்த்தார், ரோட்டையும் பார்த்தார். அவர் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டுவதற்குள், பக்கத்து வரிசை லாரி ஒன்று மூக்கைத் திருப்பியது. அப்போதுதான் அவன் ஓடினான். காலி இடத்தின் நடுவில் போய், பள்ளிக்கூட டிரவுசரோடு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

லாரி பிரேக் போட்டு உறுமி நின்றது. டிரைவர் கதவைத் திறந்து குதித்தார்.

"இன்னாடா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"எங்க நைனா பாப்பாவ பாத்துகினு கீறாரு. கொஞ்சம் இருண்ணா."

அவர் திரும்பிப் பார்த்தார். சேலைத் திரைக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அந்த டிரைவர் தன் வண்டியில் ஏறி இன்ஜினை அணைத்தார். பின்னால் இருந்தவரிடம் கை காட்டி ஏதோ சொன்னார். அவரும் அணைத்தார். அது அப்படியே வரிசையில் பின்னோக்கிப் போயிற்று. ஹாரன்கள் ஓய்ந்தன. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் வாழும் நான், அந்த ரோட்டில் நின்று கடல் சத்தத்தைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்பா குழந்தையின் நெற்றியில் மூக்கை வைத்து நுகர்ந்தார். பிறகு கொடுத்துவிட்டு ஏறினார். டிரைலர் கிளம்பியது. சேலை உப்பிக்கொண்டு போனது. ராஜா போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு உயர்ந்த இருக்கை, அவ்வளவு சக்கரங்கள், அவ்வளவு ஊர்கள். பெரியவனானதும் நானும் டிரைலர் ஓட்டுவேன் என்று அவனிடம் சத்தியமே செய்தேன். உன் அப்பாவே உனக்குக் கற்றுக்கொடுப்பார், உனக்கென்னடா குறை என்றேன்.

அவன் இன்னும் கையைச் சரியாக மடக்கவில்லை. வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் லாரி ஓட்டமாட்டேன்டா. தெனம் வூட்டுக்கு வர்ற மாரி வேலைக்குத்தான் போவேன்."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய வண்டி வீட்டில் இருந்தும், இவனுக்கு ஆசைப்படத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.