வைரவருக்கு நேர்ந்த கிடாய்

காலை ஐந்தே முக்காலுக்கு யாழ்ப்பாணத்து நல்லூரில் பஸ் ஏறினேன். புத்தூர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். கோப்பாய், நீர்வேலி என்று நடத்துநர் கூவக் கூவ, என் அரைத் தூக்கத்துக்குள் வாழைத்தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வந்து போயின. மதுரைக்காரிக்குக் கிடாய்வெட்டு புதிதா என்ன! ஆனால் நான் தங்கியிருந்த வீட்டுக்கு மரக்கறி கொண்டுவரும் மலர் அக்கா கூப்பிட்டபோது, அவர் குரல் நடுங்கியது. அதனால்தான் போனேன்.

ஆறரைக்கு அவர் வீடு.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் இவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டுது, தங்கச்சி. எழும்பி நடந்தால் கிடாய் தாறன் எண்டு வைரவருக்கு நேர்ந்து, அண்டைக்கே குட்டி வாங்கினனான். இந்த வருசக் கிடாய் வேள்விக்கும் குடுக்காட்டி வைரவர் இவரையே கேப்பார்."

கணவர் ராசு அண்ணை கிடாய்க்குப் பலாக்குழையை ஒவ்வோர் இலையாக ஊட்டிக்கொண்டிருந்தார். அதற்குத் தினமும் குழை முறிக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த்தான் காலில் நடை திரும்பியதாம்.

"என்னை நடக்க வைச்சது வைரவரோ, உவனோ, ஆர் கண்டது?" என்றார், கிடாயின் கழுத்தைத் தடவியபடி. அக்கா முறைத்தார்.

ஏழரைக்குக் கோயில் முற்றமே சாம்பிராணிப் புகைக்குள் இருந்தது. பறைமேளம் எங்கோ தூரத்தில் அடிப்பதுபோலக் கேட்டது. கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் வைரவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். சிலுப்பவில்லை. இரண்டாம் செம்புக்கும் இல்லை. கிடாய் தப்பிவிடுமோ என்ற ஆசை அண்ணையின் முகத்தில் எட்டிப் பார்த்தது. எனக்கும்தான். மூன்றாம் செம்பு, கயிற்றை விடாமல் குனிந்து நின்ற அவர் முதுகிலேயே கொட்டியது. அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கிற்று.

"ஐயோ, அவரில்லை வைரவரே! அவரில்லை!"

அக்கா பாய்ந்து கயிற்றைப் பறித்துக் கிடாயை முன்னே தள்ளினார். தள்ளிய வேகத்தில் அது சிலுப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் பங்கு இறைச்சி வந்தது. நானும் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ருசியாகவும் இருந்தது. அண்ணை இறைச்சியைத் தொடாமல் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டார்.

"கோவமோ?" என்றார் அக்கா.

"இல்லை மலர். நீ என்னையெல்லே காப்பாத்தினனீ."

எங்கள் ஊரில் வெட்டு முடிந்ததும் பந்தியும் சிரிப்புமாகத்தான் இருக்கும். நேர்ந்தவர் எதைக் கொடுத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் விடிய நான் புறப்படும்போது அண்ணையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை வழியே காலை இழுத்து இழுத்து வந்தார், கையில் ஒரு கட்டுப் பலாக்குழை. கிடாய் கட்டியிருந்த கட்டைக்கு முன்னால் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அக்கா அதை வாங்கி, வழக்கமான இடத்திலேயே தொங்கவிட்டார்.

"நாளைக்கும் போங்கோ," என்றார். "இல்லாட்டிக் கால் மறந்திடும்."