மெஷின் நின்றால்

பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் ஜான்-டலோன் சந்தையில் இன்றைக்கு யாரோ சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் அவிக்கும் மணம் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே எல்வீரா அன்ரியின் கடை இருந்த காலத்தில் அந்த மணம் எங்கள் போர்வைகளில்கூட இருந்தது. டெக்சாஸில் பிறந்த மெக்சிகோக்காரி அவ. சோள ரொட்டி சுடும் மெஷினைப் பகல் முழுக்கக் கடகடவென்று ஓடவிட்டபடியே, தெருவில் எல்லோருக்கும் வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவா. நல்ல செய்தி என்றால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்ட செய்தி என்றால் முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் வாய் திறப்பா. எங்கள் அகதி வழக்கு முடியாத காலம் அது; அம்மா கடித உறையோடு கீழே இறங்கும்போதெல்லாம் நான் தரையில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நிற்காதே, நிற்காதே என்று மன்றாடியபடி படுத்திருப்பேன்.

ஒருநாள், அம்மா என் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றது. இருவரும் இறங்கி ஓடினோம். கடையில் வேறு ஒருவரும் இல்லை. அன்ரியின் கையில் அவவுக்கே வந்த கடிதம். கட்டடத்தை விற்றுவிட்டார்கள், கடையைக் காலிசெய்ய வேண்டுமாம்.

பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாத அம்மா கையை நீட்டி, "இஞ்ச தாங்கோ, நான் பாக்கிறன்" என்றா, தமிழிலேயே. அன்ரியும் கொடுத்தா. அம்மா அதைக் கடைசி வரி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றா. நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.